விஸ்கி மதிப்பிடல்

விஸ்கி மதிப்பிடல் என்பது விஸ்கி எனும் வடித்த மதுவின் நிறம், மணம், சுவை, பின்சுவை ஆகியவற்றைப் புலன்களால் ஆராய்ந்து அதன் தன்மையையும் தரத்தையும் கூறும் முறை ஆகும். விஸ்கி சுவைத்தறிதல் என்றும் இது அழைக்கப்படும். வடிப்பாலைகளில் பீப்பாய்களைத் தேர்ந்தெடுக்கவும், கலவையின் சுவை ஆண்டுதோறும் மாறாமல் காக்கவும் கலப்பு வல்லுநர்கள் இம்முறையைக் கையாளுகின்றனர். இதன் பெரும்பகுதி மூக்கினாலேயே நடைபெறுகிறது.

மூலப்பொருள்

விஸ்கியை மதிப்பிடுமுன் அது எதிலிருந்து வடிக்கப்பட்டது என்று அறிதல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி விஸ்கி தானியத்திலிருந்து வடிக்கப்பட்டு, 700 லிட்டருக்கு மிகாத மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் முதிர்விக்கப்பட்டிருக்க வேண்டும். ஆல்ககால் அளவு 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்கப்படும் மலிவான வகைகள் பலவற்றுக்குக் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து பெறும் சாராயமே அடிப்படையாக இருந்து வந்துள்ளது.

கழிவுப்பாகு சாராயமாகும் விதத்துக்கு உடுமலைப்பேட்டைப் பகுதி ஓர் எடுத்துக்காட்டாகும். அமராவதிப் பாசனத்தில் விளைந்த கரும்பு, கிருஷ்ணாபுரத்திலுள்ள அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரைக்கப்பட்டு வந்தது. சர்க்கரை பிரிந்தபின் எஞ்சிய கழிவுப்பாகு, ஆலையைச் சேர்ந்த வடிப்பாலையில் நொதிக்க வைக்கப்பட்டு எரிசாராயமாக வடிக்கப்பட்டது. பொதுவாக எரிசாராயத்தை மேலும் தூய்மைப்படுத்தி ஏறத்தாழ 96 விழுக்காடு செறிவுக்குக் கொண்டு வந்தால், மூலப்பொருளின் மணம் அனேகமாக முற்றிலும் நீங்கிவிடும். எனவே இதனை அடிப்படையாகக் கொண்ட விஸ்கியில் நுகரப்படும் மணம், அதனுடன் கலந்த மால்ட் சாராயத்திலிருந்தோ மணமூட்டிகளிலிருந்தோ வருவதாகும். கழிவுப்பாகுச் சாராயத்தை அதன் மணம் கெடாமல் வடித்துப் பீப்பாயில் முதிர்வித்தால், அது உலக வழக்கில் ரம் எனப்படும்.

இந்தியாவில் தானிய விஸ்கியும் உண்டு. பெங்களூரின் அம்ருத் நிறுவனம் பார்லி மால்ட்டிலிருந்து வடித்த விஸ்கியை 2004-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அறிமுகப்படுத்தியது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகிறது. பெங்களூரின் வெப்பத்தில் இது 10 விழுக்காட்டை எட்டும். அங்கு மரத்தின் சாறும் விரைவில் இறங்குவதால், வயதை மட்டும் கொண்டு தரத்தை அளக்க இயலாது.

மதிப்பிடும் முறை

1. நிறம்: வாய் குறுகிய, துலிப் மலர் வடிவக் கண்ணாடிக் குவளையில் சிறிதளவு ஊற்றி வெளிச்சத்தில் பார்க்கப்படும். நிறத்துக்காகக் கருகிய சர்க்கரைப் பாகு சேர்க்கும் வழக்கம் உள்ளதால், அடர்ந்த நிறம் உயர்ந்த தரத்துக்குச் சான்றாகாது.

2. மணம்: குவளையை மூக்கிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து, வாயைச் சிறிது திறந்தபடி நுகர வேண்டும். பழ மணம் நொதித்தலில் உண்டாகும் எஸ்டர்களாலும், வனிலா மணம் ஓக் மரத்தாலும், புகை மணம் சதுப்பு நிலக் கரிமண்ணின் புகையில் மால்ட்டை உலர்த்துவதாலும் உண்டாகின்றன.

3. நீர் சேர்த்தல்: கலப்பு வல்லுநர்கள் ஆல்ககாலை 20 விழுக்காடு அளவுக்கு நீர்த்து நுகர்வர். இதனால் ஆல்ககாலின் காரம் அடங்கி மற்ற மணங்கள் வெளிப்படும்.

4. சுவை: ஒரு சிறு மிடறை நாக்கு முழுவதும் பரவவிட வேண்டும். பல மாதிரிகளை ஆராய்பவர்கள் அதனை விழுங்காமல் உமிழ்ந்துவிடுவர்.

5. பின்சுவை: வாயில் எஞ்சும் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது, எவ்வாறு மாறுகிறது என்பது குறிக்கப்படும்.

மதிப்பிடுபவர்கள் ஒரே சொற்களைப் பயன்படுத்தும் பொருட்டு, ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் 1979-இல் மணங்களை வகைப்படுத்திய சக்கர வடிவ அட்டவணையொன்றை வெளியிட்டனர்.

புலன்களின் எல்லை

சுவையும் மணமும் ஒரு மது பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகா. நச்சுத்தன்மை கொண்ட மெத்தனால் மணத்திலும் சுவையிலும் எத்தனாலை ஒத்திருப்பதால், தேர்ந்த வல்லுநரும் கலவையில் அதனைக் கண்டுகொள்ள இயலாது. உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைக்கும், உயிரையும் பறிக்கும். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்த 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மெத்தனாலை வளிம நிறப்பகுப்பு போன்ற ஆய்வகச் சோதனைகளால் உறுதியாக அறியலாம்.