கூரையடி அறையாக்கம்: இங்கிலாந்து வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறை

சாய்கூரைக்கும் மேல்மாடியின் உட்கூரைக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தைக் கூரையடி என்போம். அதனை மனிதர் நிலையாகத் தங்கும் இடமாக மாற்றுவது கூரையடி அறையாக்கம். பலகை பரப்பிப் பெட்டி அடுக்குவது இதில் அடங்காது, அது பரண். சுமை தாங்கும் தளம், நிலையான படிக்கட்டு, தீயிலிருந்து தப்பும் வழி ஆகிய மூன்றும் அமைந்ததே அறை.

2. வகைகள்

கூரையின் வடிவம் மாறாமல் சாய்விலேயே சாளரம் பதிப்பது கூரைச்சாளர வகை. சாய்வின் ஒரு பகுதியைத் திறந்து, நேர்ச்சுவரும் தட்டைக்கூரையும் உடைய மாடத்தை வெளியே தள்ளுவது புடைமாட வகை. பக்கச்சரிவை நீக்கி முக்கோணச் சுவர் எழுப்புவது சரிவு நிமிர்த்தல்.

வரம்புக்கு உட்பட்ட விரிவாக்கத்துக்குத் தனித் திட்ட அனுமதி வேண்டுவதில்லை: வரிசை வீட்டுக்கு 40 கனமீட்டர், தனிவீட்டுக்கும் இணைவீட்டுக்கும் 50. ஆனால் கட்டட விதிகளிலிருந்து எவ்வகைக்கும் விலக்கில்லை.

3. தாங்குமுறை

இப்பணியின் உயிர்நிலை இதுவே. உட்கூரையைத் தாங்கும் சட்டங்கள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 25 கிலோ கூடுதல் சுமைக்கே கணிக்கப்படுகின்றன. வாழ்தளத்துக்கோ 150 கிலோ வேண்டும். ஆகவே பழைய சட்டங்களின்மேல் நேரே பலகை அறைவது பிழை. அவற்றினிடையே புதிய சட்டங்களை, உட்கூரையைத் தொடாதவாறு சற்று உயர்த்தி இடவேண்டும். அவற்றைத் தாங்கும் எஃகு உத்தரத்தின் முனை அண்டைவீட்டாருடன் பகிரும் சுவரில் பதியுமாயின், 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி அவர்க்கு முன்னறிவிப்புத் தரவேண்டும்.

கூரை கட்டப்பட்ட காலமும் முதன்மையான காரணி. விக்டோரியா கால வீடுகளில் கைமரங்களின் நடுவே பெரிதும் வெளியாக இருக்கும். 1960களுக்குப் பின் பரவிய ஆயத்தக் கூரைச்சட்டகத்திலோ மெல்லிய குறுக்குமரங்கள் அவ்வெளியை நிறைத்திருக்கும். ஒவ்வொன்றும் விசை தாங்குவது. மாற்றுத் தாங்கல் அமையுமுன் ஒன்றையும் அறுக்கலாகாது.

4. படியும் தப்புவழியும்

படியின்மேல் தலையுயரம் 2 மீட்டர் வேண்டும். கூரையடிக்கு மட்டும் படியகலத்தின் நடுவில் 1.9, ஓரத்தில் 1.8 மீட்டர் எனத் தளர்வுண்டு. பழைய படிக்கட்டின் நேர்மேலே புதியது அமைவதே சிறப்பு. கீழறைகளின் பரப்பு அதிகம் குறையாது.

இருமாடி வீடு மும்மாடியாகும்போது மேல்தளம் பெரும்பாலும் தரையிலிருந்து 4.5 மீட்டரைக் கடக்கிறது. அவ்வுயரத்தில் சாளரத்தைத் தப்புவழியாகக் கொள்ளலாகாது. எனவே படிக்கட்டு முழுவதையும் வாசல்வரை 30 நிமிடம் தீயைத் தாங்கும் தடுப்பால் சூழ்ந்து, தீத்தடுப்புக் கதவுகளும், ஒன்று ஒலித்தால் அனைத்தும் ஒலிக்கும் புகையறிவிப்பிகளும் பொருத்தவேண்டும். செலவு கருதி இதனைக் குறைக்கும் வரைபடம் எதையும் வாசகர் ஏற்க வேண்டா.