இல்லாதவற்றின் பட்டியல்: மண்டகப்பட்டுக் குடைவரையின் உள்ளமைப்பும் கே. ஆர். சீனிவாசனின் வாசிப்பும்

விழுப்புரம் பகுதியிலுள்ள மண்டகப்பட்டுக் குடைவரையின் கல்வெட்டு ஒரே ஒரு வடமொழிச் செய்யுள்தான். பல்லவ கிரந்தத்தில் வெட்டப்பட்டது. செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து என நான்கும் இல்லாமல் பிரமன், ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் என்னும் அரசன் இக்கோயிலைச் செய்வித்தான் என்பது அதன் செய்தி. கோயிலின் பெயர் லக்ஷிதாயதனம். விசித்திரசித்தன் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன்தான் என்பதில் இன்று தகராறு இல்லை. ஆட்சியாண்டு குறிக்கப்படாததால் அவன் ஆட்சிக்காலத்தில் இது எப்போது வெட்டப்பட்டது என்பதில்தான் தகராறு. ஆட்சியின் தொடக்கமே 590 என்பாரும் 600 என்பாரும் உண்டு.

இந்தச் செய்யுளை ஒரு புதுமையின் முழக்கமாக நிலைநிறுத்தியதில் கே. ஆர். சீனிவாசனுக்குப் பெரும் பங்கு உண்டு. பல்லவர் குடைவரைகள் பற்றி 1964இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட அவருடைய நூல் இன்றும் இத்துறையின் அடிப்படை ஏடு. அவர் வாதத்தை மூன்று படிகளாகப் பிரிக்கலாம். தமிழகத்தில் கல் நீத்தார் நினைவோடு ஒட்டியிருந்த பொருள், ஆகவே கடவுளின் உறைவிடத்துக்கு அது விலக்கப்பட்டிருந்தது. மகேந்திரன் அந்த விலக்கை உடைத்தான், மண்டகப்பட்டு அதன் முதல் அறிவிப்பு. முதல் முயற்சி என்பதால் உள்ளே அலங்காரம் இல்லை, தூண்கள் மொட்டையாக நிற்கின்றன. முதல் படியை மறுக்க எனக்கு மனமில்லை. மற்ற இரண்டையும் அப்படியே விட முடியவில்லை.

முதல் படிக்குச் சீனிவாசன் தேடிய சான்றுகளைவிட வலுவானவை மண்டகப்பட்டைச் சுற்றியே இருக்கின்றன. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த செய்தி பாறையிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. எழுத்தமைதியை வைத்துப் பெரும்பாலோர் அதை மகேந்திரனுக்கு முன்பு வைக்கிறார்கள். வடமேற்கே செங்கம் பகுதியில் மகேந்திரன் ஆட்சியாண்டைச் சொல்லும் நடுகற்களே கிடைத்துள்ளன. தொறு மீட்டுச் செத்தவனுக்கு ஊரார் கல் நட்ட அதே தலைமுறையில்தான் அரசன் கல்லைக் குடைந்து தெய்வத்துக்கு இடம் செய்திருக்கிறான். அதற்கு முன் கோயில் என்றால் செங்கல்லும் மரமும்தான். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் சாளுவன்குப்பத்தில் அகழப்பட்ட முருகன் கோயிலின் செங்கல் அடித்தளம் அதைக் கண்கூடாக்கியது.

இங்கிருந்து 'மண்டகப்பட்டே முதல்' என்று தாவும்போதுதான் சிக்கல். செய்யுள் தன்னை முதற்கோயில் என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. விருதுப் பெயர்களைத் தூண் தூணாக அடுக்கிய மன்னன் அவன். முதன்முதலாகச் செய்தவன் என்ற பெருமை உண்மையிலேயே அவன் கருத்தில் இருந்திருந்தால் அதை ஏன் விடுகிறான்? ஒரே செய்யுளில் இடம் போதவில்லை என்று பதில் வரலாம். ஆனால் இல்லாத பொருள்கள் நான்கைச் சொல்ல இடம் இருந்திருக்கிறது. கவிஞனின் கவனம் காலவரிசையில் இல்லை, பொருளில் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அந்த நான்கின் வரிசையிலிருந்து எதையும் பிழிய நான் முயலவில்லை. யாப்பு கேட்டபடி அவை இடம் மாறியிருக்கலாம்.

தவிர, குடைவரை என்ற எண்ணமே அப்போது புதிதல்ல. பாதாமியின் மூன்றாம் குகை சக ஆண்டு 500ஐ, அதாவது கி.பி. 578ஐச் சொல்கிறது. மகேந்திரன் இக்கலையைக் கிருஷ்ணை ஆற்றங்கரையில் கற்றுவந்தான் என்று பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ராய் கருதினார். தெற்கே பிள்ளையார்பட்டியின் காலம் இன்னும் முடிவாகவில்லை. அங்குள்ள பெருந்தச்சன் கல்வெட்டின் எழுத்தை வைத்து அதை மகேந்திரனுக்கு முன்னே தள்ளுவோரும் உண்டு, பின்னே இழுப்போரும் உண்டு. அது ஒருநாள் உறுதியானால் 'தமிழகத்தின் முதல்' என்ற சொல்லையே திரும்பப் பெற வேண்டியிருக்கும்.

இனி உள்ளே. முகப்பில் இரண்டு தூண், இரண்டு அரைத்தூண். அவற்றுக்கு அப்பால் இரு முனைகளிலும் மாடங்களில் வாயிற்காவலர். உள்ளே இன்னொரு தூண்வரிசை முகமண்டபத்தையும் அர்த்தமண்டபத்தையும் பிரிக்கிறது. பின்சுவரில் மூன்று கருவறைகள், மூன்றும் இன்று வெறுமை. தூண் கீழே சதுரம், நடுவே எட்டுப்பட்டைக் கட்டு, மேலே மீண்டும் சதுரம். சதுரங்களில் தாமரைப் பதக்கம் கிடையாது. தூணுக்கு மேல் வளைந்த போதிகை, அதற்கு மேல் உத்திரம்.

போதிகையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மரக் கட்டடத்தில் அதற்கு வேலை உண்டு: தூணின் தலையை இருபுறமும் நீட்டி, உத்திரம் தாண்ட வேண்டிய இடைவெளியைக் குறைக்கும். குடைவரையில் தாங்குவதற்கு எதுவுமே இல்லை. மலைதான் கூரை, தூண் அந்த மலையின் வெட்டாமல் விட்ட மிச்சம். மரம் இல்லை என்று செய்யுள் சொல்லும் அதே முகப்பில் மரத்தச்சனின் போதிகை தலைக்கு மேல் நிற்கிறது. சீனிவாசனும் இதைக் கண்டிருக்கிறார். மரத்தையும் செங்கல்லையும் கல்லில் பார்த்துச் செய்ததன் விளைவு என்று அதற்கு விளக்கம் தருகிறார். வெறும் நகல் என்றால் கூடு, கொடுங்கை, பூதவரி என்று கண்ணைப் பறிக்கும் உறுப்புகள்தானே முதலில் வந்திருக்கும்? இங்கே வந்தவை சுமை தாங்கும் உறுப்புகள் மட்டும். கூரை விளிம்பு ஒழுங்காகப் பிரிக்கப்படாத பாறை நீட்டமாக நிற்கிறது. தேர்ந்து எடுத்திருக்கிறார்கள், தேர்ந்து விட்டிருக்கிறார்கள். சான்று மெலிந்த இடம் இது என்பது தெரியும். ஆயினும் இந்த எளிமை கைவராமையின் அடையாளம் அல்ல, கருதிச் செய்தது என்றே சொல்வேன். வாயிற்காவலரை அந்த உடல்திரட்சியோடு செதுக்கத் தெரிந்த உளிக்குத் தாமரைப் பதக்கம் வெட்டத் தெரியாமலா போயிருக்கும்?

இன்றைய உள்ளமைப்புக் கலைஞர்கள் சமநிலை, சீர், அழுத்தம், ஒளி என்று எவற்றைப் பேசுகிறார்களோ அவை அனைத்தும் இங்கே கழித்தலால் வந்தவை. முகப்புத் திறப்பு ஒன்றுதான் ஒளிக்கு வழி. முன்வரிசைத் தூண் ஒருமுறையும் பின்வரிசைத் தூண் மறுமுறையும் அதைக் குறைக்கின்றன. சுவரில் கண் தங்க எதுவும் இல்லாததால் பார்வை நேரே கருவறைக்குப் போகிறது. பூச்சு இல்லாத இடத்தில் உளி தவறினால் மறைக்க வழியில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுண்ணச்சாந்து இல்லை என்ற கூற்றில் தச்சரின் இந்தத் துணிவும் அடங்கியிருக்கிறது.

சீனிவாசனின் வாசிப்பு தன்னோடு தானே மோதும் இடம் கருவறைதான். மகேந்திரன் குடைவரைகளில் தொடக்கத்தில் இலிங்கம் இல்லை, பின்சுவரில் வண்ண ஓவியமாகவோ சுதையாகவோ மரச்சிற்பமாகவோ தெய்வம் இருந்தது என்பது அவர் கொள்கை. அப்படியானால் சாந்து வேண்டாம், மரம் வேண்டாம் என்று வாயிலில் எழுதிவிட்டுக் கருவறையில் அவற்றையே வைத்தானா? செய்யுள் கட்டடத்தைச் சொல்கிறது, படிமத்தை அல்ல என்று அவர் தரப்பில் பதில் சொல்லலாம். 'சித்திரகாரப்புலி' என்று விருது பூண்ட ஓவியனான அரசன் சுவரை வெறுமையாக விட்டிருப்பானா என்றும் கேட்கலாம். மாமண்டூர்க் குடைவரையில் பழைய வண்ணத் தடயங்கள் குறிக்கப்பட்டதும் அவருக்கே துணை. எனக்கு இந்தப் பதில் முழு நிறைவு தரவில்லை, ஆனால் தள்ளவும் முடியவில்லை. நான் வலியுறுத்துவது ஒன்றே: சுதைத் தெய்வம் உண்டென்றால் செய்யுளின் கூற்றைக் கட்டட அளவில் சுருக்க வேண்டும். அப்படிச் சுருக்கினால், விலக்கை உடைத்த முழக்கம் என்ற கனத்தை அது தாங்காது.

எளிமையை வைத்துக் காலம் குறிப்பதற்கு எதிரான சான்று செங்கற்பட்டை அடுத்த வல்லத்தில் இருக்கிறது. வயந்தப்பிரி அரசரின் மகன் கந்தசேனன் மகேந்திரனுக்கு அடங்கியவனாகச் செய்வித்த அந்தக் குடைவரையிலும் தூண்கள் அணியின்றியே இருக்கின்றன. அதன் தமிழ்க் கல்வெட்டு லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என்று மன்னன் விருதுகளை அடுக்குகிறது. இத்தனை விருதுகளும் வழக்கில் வந்துவிட்ட காலம் ஆட்சியின் தொடக்கமாக இருப்பது அரிது. அணியில்லாத் தூண் பிற்பாடும் வெட்டப்பட்டது என்றால், மண்டகப்பட்டை வரிசையின் தலையில் வைக்க இருக்கும் முக்கியக் காரணம் தளர்ந்துவிடுகிறது.

அடுத்து வந்த மாற்றம் சீரான படிக்கட்டு அல்ல. விழுப்புரம் பகுதியிலேயே உள்ள தளவானூரில் முகப்பில் மகரதோரணம் ஏறுகிறது. கண் வெளியிலேயே நின்றுவிடுகிறது. திருச்சி மலையில் கருவறைக்கு எதிர்ச்சுவரில் கங்காதரர் சிற்பம் வந்ததும் மண்டபத்துக்கு இரண்டு முகங்கள் உண்டாகின்றன. பிறகு எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மண்டகப்பட்டிலிருந்து வெகுதூரம் இல்லாத பனமலையில் இராசசிம்மன் கல்லை அடுக்கிக் கோயில் எடுக்கிறான். அங்கே சுவரில் சாந்து பூசி உமையை வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். நூற்றாண்டுக்கு முன்னர் பெருமையோடு விலக்கப்பட்ட சுதை அதே வட்டாரத்தில் உள்ளே திரும்பிவிட்டது.

மண்டகப்பட்டு முந்தியதா, வல்லம் முந்தியதா என்பதை இப்போதுள்ள சான்றுகளால் தீர்க்க முடியாது. எழுத்தமைதி உதவாது: ஒன்று கிரந்தம், மற்றது தமிழ், இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி சில ஆண்டுகளாகவே இருக்கலாம். கருவறைப் பின்சுவர்களின் பரப்பில் சுண்ணத் தடயம் உண்டா என்று பார்த்தால் சுதைத் தெய்வம் பற்றிய வாதமாவது ஒரு பக்கம் சாயும். சாயும் பக்கம் சீனிவாசனுடையதாக இருந்தாலும் அது முதற்கோயில் என்ற முடிவுக்குத் துணை வராது.