புகை மட்டும் தெரிந்த ஊர்

1877-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கறுப்பின மக்கள் கூடிய தேவாலயங்களில் ஒரு சேதி பரவிக்கொண்டிருந்தது. மேற்கே கான்சாஸ் மாநிலத்தில், சாலமன் ஆற்றங்கரையில், கறுப்பின மக்களுக்கென்றே ஒரு புது ஊர் எழுகிறது. வேட்டைக்கு விலங்கு, விளைச்சலுக்கு வளமான மண், எல்லாம் காத்திருக்கின்றன. அடிமை முறை ஒழிந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் நிலம் என்னவோ பழைய எஜமானர்கள் கையில்தான் இருந்தது. தெற்கே காவலுக்கு நின்ற மத்திய அரசின் படைகளும் அந்த ஆண்டுதான் பின்வாங்கின. கிடந்து நசுங்குவதைவிடப் போய்ப் பிழைப்பது மேல் என்று பலர் மூட்டை கட்டினார்கள். போகவேண்டிய ஊரின் பெயர் நிக்கோடெமஸ். வந்த சேதியில் ஒரு விவரம் மட்டும் விடுபட்டிருந்தது.

அங்கே ஊரே இல்லை.

இருந்ததெல்லாம் அந்த ஏப்ரலில் ஏழு பேர் சேர்ந்து தொடங்கிய ஒரு கம்பெனிதான். ஆறு பேர் கறுப்பினத்தவர், ஏழாமவர் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நில வியாபாரி. செப்டம்பரில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் எல்லிஸ் என்ற ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அங்கிருந்து இன்னும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். போய்ச் சேர்ந்தபோது கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு மரம் இல்லை. ஆத்திரம் ஹில் மேல் திரும்பியது. பலர் வந்த வழியே திரும்பிப் போனார்கள். மிஞ்சியவர்களை வரவேற்கக் குளிர்காலம் வாசலில் நின்றது.

மரமில்லாத ஊரில் வீடு கட்டுவது எப்படி? மேட்டைக் குடைந்து குழி வெட்டினார்கள். மேலே கழிகளைப் போட்டு, சுள்ளி பரப்பி, புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கினார்கள். கூரையில் ஒரு புகைபோக்கி. காட்டுச் சூரியகாந்தியின் காய்ந்த தண்டுதான் அடுப்புக்கு விறகு. ஜெனி ஃபிளெச்சர் என்ற பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததும் அப்படி ஒரு குழிவீட்டில்தான். கொண்டுவந்த தானியம் தீர்ந்தது. விதைக்கும் பருவம் எப்போதோ கடந்திருந்தது. இனி என்ன என்று தெரியாத நேரத்தில், வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் அந்த வழியே வந்தார்கள். தங்கள் இறைச்சியில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது. உயிர் தங்கியது. ஊர் தங்குமா என்பதுதான் தெரியவில்லை.

1878 வசந்தத்தில் கென்டக்கியிலிருந்து அடுத்த கூட்டம் வந்தது. அதில் ஒருவர் விலியானா ஹிக்மன், ஒரு போதகரின் மனைவி. வழியிலேயே பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டு, சில குழந்தைகளைப் பறிகொடுத்த கூட்டம் அது. எல்லிஸுக்கு அப்பால் சாலை கிடையாது. மான் நடந்த தடத்தையும் திசைகாட்டியையும் நம்பித்தான் வண்டிகள் நகர்ந்தன. இரண்டாம் நாள், அதோ நிக்கோடெமஸ் என்று ஆண்கள் கூவினார்கள். விலியானா ஆவலோடு எட்டிப் பார்த்தார். வீடு எதுவும் தெரியவில்லை. தரையிலிருந்து புகை மட்டும் எழும்பிக்கொண்டிருந்தது. அந்தப் புகைக்குக் கீழேதான் குடும்பங்கள் வாழ்கின்றன என்று சொன்னதும் அவர் அழத் தொடங்கினார்.

ஆனால் திரும்பிப் போகவில்லை. அவரைப்போல் தங்கியவர்கள் மண்வெட்டியாலும் கொத்தாலும் புல்வெளியைக் கிளறி விதைத்தார்கள். பத்தே ஆண்டில் தேவாலயம், ஹோட்டல், கடைகள், வங்கி எல்லாம் தரைக்கு மேலே எழுந்தன. அந்தச் சின்ன ஊருக்கு இரண்டு செய்தித்தாள்கள் வேறு! 1878-இல் அங்கே வந்து குடியேறிய எட்வர்ட் மெக்கேப், 1882-இல் கான்சாஸ் மாநிலத்தின் தணிக்கையாளராகத் தேர்தலில் வென்றார். மாநில அளவிலான பதவி ஒன்றைக் கறுப்பினத்தவர் அங்கே பிடித்தது அதுவே முதல்முறை. ஊருக்கு ஒன்றே ஒன்றுதான் குறை. ரயில்.

அதையும் விடவில்லை. மிசௌரி பசிபிக் கம்பெனியின் தண்டவாளத்தை ஊருக்குள் இழுக்க, 16,000 டாலர் கடன் பத்திரங்களுக்கு மக்கள் வாக்களித்தார்கள். பேச்சு முறிந்தது. 1888-இல் யூனியன் பசிபிக் கம்பெனி தண்டவாளம் போட வந்தது. ஊரில் நம்பிக்கை மறுபடி துளிர்த்தது. தண்டவாளம் வந்தது, ஆனால் ஆற்றுக்குத் தெற்குக் கரையில். சில மைல்தான் தூரம். அந்தச் சில மைல் போதுமானதாக இருந்தது. வியாபாரிகள் கடைகளைப் பெயர்த்துக்கொண்டு ரயில் பாதையோரம் முளைத்த போக் என்ற புது ஊருக்குப் போனார்கள். குளிரும் பசியும் கலைக்க முடியாத ஊரைத் தண்டவாளம் கலைக்கத் தொடங்கியது.

அதன்பின் எண்ணிக்கை இறங்குமுகம்தான். 1930-களின் வறட்சியும் புழுதிப் புயலும் மிச்சமிருந்தவர்களிலும் பலரை விரட்டின. 1950-இல் ஊரில் 16 பேர். 1953-இல் தபால் நிலையமும் மூடப்பட்டது. கடிதம் வந்து சேரக்கூட வழியில்லாத ஊர் வரைபடத்திலிருந்து அழிய வேண்டியதுதானே?

அழியவில்லை. விலியானா அழுதுகொண்டே வந்து சேர்ந்த அதே 1878-இல், குழிவீடுகளில் குடியிருந்தவர்கள் விடுதலை விழா ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விடுதலையான ஆகஸ்ட் 1 அன்று அதற்கு நாள். பிழைப்புத் தேடிப் போனவர்களும், அவர்கள் பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளும் அந்த விழாவுக்காகத் திரும்பி வந்துகொண்டே இருந்தார்கள். 1996-இல் அமெரிக்க அரசு ஊரைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது. 2020 கணக்கெடுப்பில் அங்கே குடியிருந்தவர்கள் 14 பேர். ஆனால் அந்த விழாவுக்காக ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் நிக்கோடெமஸ் தெருக்களில் வெளியூர் கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன, நூற்றுக்கணக்கானவர்கள் இறங்குகிறார்கள். அவர்களில் பலர் அங்கே ஒருநாள்கூடக் குடியிருந்ததில்லை. இருந்தாலும் அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், வீடு திரும்புதல்.