பூனைக்காலியும் அப்பாவின் கை நடுக்கமும்

ஊரிலிருந்து தொலைபேசி வரும். "அப்பாவுக்கு வலது கை ஆடிக்கிட்டே இருக்குப்பா. டாக்டர் பார்க்கின்சன்னு சொல்றார்." மும்பையிலோ டெல்லியிலோ இருக்கிற நாம் என்ன செய்ய முடியும்? பணம் அனுப்புகிறோம். அப்புறம் ராத்திரி உட்கார்ந்து இணையத்தில் தேடுகிறோம். கோ-என்சைம் க்யூ10, கிரியாட்டின், வைட்டமின் ஈ, பூனைக்காலிப் பொடி என்று வரிசையாக வந்து நிற்கும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பெட்டியில் இரண்டு டப்பா ஏறிவிடும். வெளியூர்ப் பிள்ளைகளின் பாசம் பாதி டப்பாவில்தான் போகிறது :-)

இந்த டப்பாக்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் நம் சென்னையும் வருகிறது.

1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். மொத்தம் ஆறு நோயாளிகள். அதிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. நோய்க்குப் பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்க இன்னும் நூற்றைம்பது வருடம் ஆனது.

1913-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் குகன்ஹைம் என்ற வேதியியலாளர் ஒருவகை அவரையிலிருந்து லெவோடோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். தானே இரண்டரை கிராம் விழுங்கிப் பார்த்தார். வாந்திதான் மிச்சம்! பெரிய உபயோகம் இல்லாத சரக்கு என்று அது ஓரமாகப் போய்விட்டது.

1937-ல் அதே பொருளை சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம்.தாமோதரன், ஆர்.ராமசுவாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தார்கள். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குப் பூனைக்காலியைத் தெரியும். வேலியில் படரும், காயின் மேல் பூனை ரோமம் மாதிரி சுணை. பட்டால் அன்றைக்குப் பூரா அரிப்புதான். விதை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். இங்கே வடக்கே கௌஞ்ச் என்பார்கள்.

இதைச் சொன்னால் உடனே ஒரு மாமா ஆரம்பிப்பார், "பார்த்தியா, எல்லாம் நம்மவா அப்பவே கண்டுபிடிச்சாச்சு" என்று. ஆயுர்வேதத்தில் கம்பவாதம் என்று நடுக்கம் பேசப்பட்டிருப்பது நிஜம்தான். ஆனால் சென்னையில் விதையைப் பிரித்தபோது, அந்தப் பொருளுக்கும் கை நடுக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. மருந்து கையில் இருந்தது, எதற்கு என்றுதான் தெரியவில்லை.

அந்த இணைப்புக்கு இருபது வருடம் பிடித்தது. 1957-ல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார் (இது நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து வருவது). முயல்கள் காது தொங்கி, அசையாமல் கிடந்தன. லெவோடோபா ஊசி போட்டதும் கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓடின. 1960-ல் வியன்னாவில் எரிங்கர், ஹார்னிகேவிச் இருவரும் இறந்துபோன நோயாளிகளின் மூளையை ஆராய்ந்து, அதில் டோபமின் வற்றிப்போயிருப்பதைக் காட்டினார்கள். 1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ் வாய்வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டி, பல கிராம் வரை கொடுத்தார். கட்டையாகக் கிடந்தவர்கள் நடந்தார்கள். கார்பிடோபா சேர்த்த மாத்திரை 1975-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வாந்தி குறைந்தது, மருந்தின் அளவும் குறைந்தது. இன்றைக்கு அப்பா சாப்பிடுவது பெரும்பாலும் அதுதான்.

அப்புறம்தான் விதையின் பக்கம் மறுபடி திரும்பினார்கள். 1978-ல் பம்பாயில் வைத்யா குழுவினர் பொடியை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1995-ல் 60 பேர், 12 வாரம். நல்ல பலன்தான், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. 2004-ல் லண்டனில் சரியான முறையில் ஒப்பிட்டார்கள். 30 கிராம் பொடி (அதில் ஒரு கிராம் லெவோடோபா) ஒரு பக்கம், கார்பிடோபாவுடன் 200 மில்லிகிராம் லெவோடோபா மறுபக்கம். பொடி 35 நிமிடத்தில் வேலை செய்தது, மாத்திரைக்கு 68 ஆனது. ஆகா என்று குதிக்க வேண்டாம், மொத்தம் எட்டே பேர், ஒவ்வொரு வேளை மருந்து. 2018-ல் வெளிவந்த பொலிவியா ஆய்வில் 14 பேருக்குத் தினசரி வறுத்த விதைப் பொடி. ஏழு பேர் பாதியில் நிறுத்திவிட்டார்கள். நாலு பேருக்கு வயிறு ஒத்துக்கொள்ளவில்லை, மூன்று பேருக்கு நடை மோசமானது.

மற்ற டப்பாக்களின் கதை இதைவிடச் சின்னது. வைட்டமின் ஈ: 800 பேரிடம் சோதித்து 1993-ல் பயனில்லை என்றார்கள். க்யூ10: 2002-ல் 80 பேரிடம் நம்பிக்கை தந்தது, உலகம் முழுக்க விற்றது. பிறகு 600 பேரிடம் பெரிய சோதனை. பலனில்லை என்று 2011-ல் நிறுத்தினார்கள், முடிவு 2014-ல் அச்சில் வந்தது. கிரியாட்டின்: 1,741 பேர், தினம் 10 கிராம், 2013-ல் அதுவும் நிறுத்தம். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தில் இந்த வருடங்கள் எதுவும் இருக்காது.

பூனைக்காலி வேலை செய்யாது என்று யாரும் சொல்லவில்லை. என் பயமே அது வேலை செய்யும் என்பதுதான். பொடியில் இருப்பதும் மாத்திரையில் இருப்பதும் ஒரே சரக்கு. இரண்டும் சேர்ந்தால் அளவு எகிறி, உடம்பு தானாக நெளியும், இல்லாத ஆள் அறையில் நிற்பது போலத் தெரியும். "மூலிகை இருக்கே" என்று மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் காய்ச்சலும் விறைப்புமாக உயிருக்கே ஆபத்து வரலாம். சத்துக்கு என்று சேர்க்கும் பி6 கார்பிடோபா இல்லாத லெவோடோபாவின் வேலையைக் கெடுக்கும் என்பது 1969-லேயே தெரிந்த விஷயம். பொடியில் ஏது கார்பிடோபா?

அளவுக்காவது டப்பாவை நம்பலாமா? 2022-ல் அமெரிக்காவில் விற்கும் பூனைக்காலி டப்பாக்களில் 16 பிராண்டுகளை வாங்கிச் சோதித்தார்கள். ஒரு வேளைக்கு லெவோடோபா ஒன்றில் 2 மில்லிகிராம், இன்னொன்றில் 241.

ஊரில் நரம்பியல் மருத்துவர், "வேற ஏதாவது சாப்பிடறாரா?" என்று கேட்பார். அம்மா, "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்பாள். பிள்ளை மும்பையிலிருந்து வாங்கி வந்த பொடி அவளைப் பொறுத்தவரை மருந்தே இல்லை. அதனால் அடுத்த முறை மருத்துவரிடம் போகும் நாளில் அந்த டப்பாவையும் பையில் போட்டு எடுத்துப் போகச் சொல்லி முந்தின நாள் ராத்திரியே போன் பண்ணிவிடுங்கள்.