கோழி அடையும் இடம்

குறுந்தொகை 139ஆம் பாட்டில், அந்தி சாயும் நேரத்தில் வேலியோரம் வெருகுகள், அதாவது காட்டுப்பூனைகள், வருகின்றன. வீட்டுக்கோழி ஒன்று எங்கே புகுவது என்று தெரியாமல் குஞ்சுகளைக் கூவிக் கூவி அழைக்கிறது. பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். கோழி வளர்த்த வீட்டில்தான் அவர் வாழ்ந்திருக்க வேண்டும். புறநானூறு 326லும் இதே பயம்: இருட்டில் வெருகுக்கு மிரண்டு கத்தும் பேடை, பருத்தி நூற்கும் பெண்ணின் சிறுவிளக்கு வெளிச்சத்தில் சேவலைப் பார்த்த பிறகே அடங்குகிறது. இரண்டு பாட்டிலும் கூடு என்ற பேச்சே இல்லை.

எங்கள் அப்பத்தா வீட்டில் கூடு திண்ணைக்கு அடியில் இருந்தது. திண்ணை கட்டும்போதே உள்ளே பொந்து விட்டு, தரைக்குப் பாவுகல் பதித்துவிட்டார்கள். கல் இல்லாவிட்டால் பெருச்சாளி குடைந்து வரும். அந்த வளையிலேயே பின்னால் பாம்பும் வரும். வாசல், ஒரு கோழி குனிந்து நுழையும் அளவுதான். சாயங்காலம் கோழிகள் அடைந்ததும் வேப்பம்பலகையைச் செருகி, வெளியே பழைய அம்மிக்குழவியை முட்டுக் கொடுப்பார் அப்பத்தா. பலகையில் காற்றுக்காக விரல் நுழையும் ஓட்டைகள் உண்டு. கீரிக்கு மூக்கை நுழைக்க இடம் கிடைத்தால் பலகையை நெம்பிவிடும் என்பதால் அந்தக் குழவி. கீரி உள்ளே புகுந்துவிட்டால் ஒன்றோடு நிற்காது. கூட்டில் உள்ள அத்தனையையும் கடித்துப் போட்டுவிடும்.

குஞ்சுத்தாய்க்கு மட்டும் மூங்கில் பஞ்சாரம். பகலில் பருந்துக்கும் காக்கைக்கும் அது போதும். ராத்திரியில் பஞ்சாரம் வீட்டுக்குள் வந்துவிடும், தலையில் ஒரு கல்லோடு.

திண்ணை வீடுகள் போனதும் அந்தக் கூடும் போய்விட்டது. இப்போது எங்கே பார்த்தாலும் அறுகோணக் கண் கொண்ட கம்பி வலைதான். இங்கிலாந்தில் நாரிச் நகரத்து இரும்பு வியாபாரி சார்லஸ் பார்னார்ட், துணி நெய்யும் முறையைப் பார்த்து 1844இல் உருவாக்கிய எந்திரத்தில் பிறந்தது அது. லேசானது, மலிவானது, சுருட்டித் தோளில் தூக்கி வரலாம். கோழியை உள்ளே நிறுத்தி வைக்க அது போதும். வெளியிலிருந்து வருவதை நிறுத்த அதற்கு வலு கிடையாது. நாய் பல்லால் இழுத்தால் மெல்லிய கம்பி கிழிகிறது. கண் வழியாக எலியும் பாம்புக்குட்டியும் சாதாரணமாகப் போய்வருகின்றன. எந்த விலங்கு எந்தப் பக்கம் வரும் என்று பார்த்துக் கட்டிய அந்தத் திண்ணைக் கூட்டின் முன்னால் இதைக் கூடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கொல்லையில் புதிதாகக் கட்டுகிறவர்கள் அரை அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த கம்பி வலையாக வாங்குங்கள். அதைச் சுவரோடு நிறுத்தாமல், வெளிப்பக்கம் தரையில் ஒன்றரை அடி மடித்து மண் போட்டு மூடுங்கள். குடையும் விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டும்; நகம் கம்பியில் படும். மரநாய் மேலே ஏறி வரும், அதனால் கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுக்கு விடும் சந்திலும் அதே வலை வேண்டும். கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள். நடுவில் மட்டும் போட்டால் கீழ்மூலை வளைந்து கொடுக்கும். கீரிக்கு அந்தச் சந்து போதும்.