சோழிக் கணக்கும் டூம் விளையாட்டும்

செட்டிகுளத்து மலைமேல் கரும்பேந்தி நிற்கும் முருகனுக்குப் பங்குனி உத்திரம் எந்நாள் என்றறியச் சந்திரன் நிற்கும் இடம் தெரியவேண்டும். அதற்கு வாக்கியப் பஞ்சாங்கக்காரர் கையாண்ட உபாயத்தையே வீடியோ விளையாட்டு நிரலாளர்களிடமும் காண்கிறோம்.

1993இல் வெளிவந்த 'டூம்', அன்றைய மந்தமான கணினிகளில் ஓடியாக வேண்டும். சைன் மதிப்புகளை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட்டால் திரை திணறும். ஆகவே முன்பே கணக்கிட்டு வைத்த அட்டவணையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

வாக்கிய முறையிலும் அட்டவணை உண்டு. அது இருந்த இடம் மனம். சந்திரன் பூமிக்கு மிக அண்மையிலுள்ள புள்ளிக்கு 9 முறை திரும்ப ஏறத்தாழ 248 நாள். நாளுக்கொன்றாக 248 வாக்கியங்கள், எழுத்துக்கு ஓர் எண் என்னும் கடபயாதி முறையில் கோத்தவை. வெறும் எண்களை இப்படி நெட்டுருப்போட நம்மால் ஆகாது!

1825இல் சென்னையில் அச்சான 'காலசங்கலித'த்தில் ஜான் வாரன் எழுதுகிறார்: புதுச்சேரியில் தமிழ்க் கணியர் ஒருவர் ஓரெண்ணும் எழுதாமல், தரையில் சோழிகளை வைத்தே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கம் சுமார் 4 நிமிடமே பிசகியது. முடிவோ 52 நிமிடம்.

விளையாட்டில் சிறு பிசகு நேர்ந்தால் சுவரொன்று சற்றே நெளியும், யாரும் கவனியார். கிரகணம் விட்டதும் முழுகக் காத்திருப்பவர்களோ குளக்கரையில் நிற்கிறார்கள்.