டிரம்முக்குள் மறைந்திருப்பது



உங்களில் பலரிடம் இன்னும் பழைய கார் இருக்கிறது. சிலர் ஒர்க்‌ஷாப்பே நடத்துகிறீர்கள். அதனால் இன்றைய வரலாற்றுப் பாடம் அரசர்களைப் பற்றியது அல்ல. பின் சக்கரத்துக்குள் மூடிக் கிடக்கும் டிரம் பிரேக்கைப் பற்றியது. கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் கடைசிவரை படியுங்கள், ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில் இரண்டு மகன்களோடு 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம் போனார். இறக்கங்களில் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பார்த்து, கட்டைகளின் மேல் தோல் வைத்து ஆணி அடித்துத் தரச் சொன்னார். தேய்வது மேலுறையாக இருக்கட்டும், தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனை அது. இன்று கடையில் நாம் கேட்டு வாங்கும் 'லைனிங்' அந்தத் தோலின் வாரிசுதான்.

டிரம் பிரேக்கை வடிவமைத்தவர் என்று பிரான்சின் லூயி ரெனோவைச் சொல்வார்கள். ஆண்டு 1902. அதற்கு முன் பெரும்பாலும் ஒரு பட்டை வெளியிலிருந்து சக்கர உருளையை இறுக்கும். மழையும் சேறும் பட்டால் வழுக்கும். ஷூக்களை உருளைக்கு உள்ளே வைத்ததும் அந்தத் தொல்லை குறைந்தது. இன்னொரு லாபமும் உண்டு. சுழலும் டிரம்மே முன் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் அழுத்திக்கொள்ளும். அதனால் காலால் கொஞ்சம் மிதித்தாலே போதும்.

ஆனால் கம்பியும் கேபிளும் இழுத்த காலத்தில் நான்கு சக்கரமும் ஒரே அளவில் பிடிக்காது. வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட் கம்பிக்குப் பதில் திரவத்தை வைத்தார். மூடிய திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியைப் பள்ளியில் படித்தீர்களே, அதேதான். 1921ல் டூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அதைப் பொருத்தியது. ஃபோர்டு கார்களுக்கு அது வந்தது 1939 மாடலில்தான்.

டிரம்முக்கு எதிரி சூடு. சூடானால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கும் பிடிமானம் இழக்கும். 1953ல் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் ஜெயித்த பிறகு, முன் சக்கரங்கள் மெல்ல டிஸ்க்குக்கு மாறின. நம் அம்பாசடர்களில் வெகுகாலம் நான்கிலும் டிரம்தான். பிறகு வந்த சிறிய கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் பின் பிரேக்குக்கு வேலை குறைவு. செலவும் குறைவு, ஹேண்ட் பிரேக்கை இணைப்பதும் சுலபம்.

சிக்கலும் அங்கேதான். மெதுவாகத் தேய்வதாலும், மூடி இருப்பதாலும், பின் பிரேக்கை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அது காட்டும் அறிகுறிகளைக் கவனியுங்கள். ஹேண்ட் பிரேக் முன்பைவிட மேலே வருகிறதா? பெடல் ஆழமாகப் போகிறதா? இரும்பு உரசும் சத்தம் கேட்கிறதா? பிரேக் ஆயில் அளவு இறங்குகிறதா? பின் டயரின் உள்பக்கம் ஈரமா? ஈரம் இருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

பிரிக்கும்போது முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்துங்கள். டிரம் வர மறுத்தால் ஓரத்தில் தேயாத விளிம்பு ஷூவைப் பிடித்திருக்கும். சுத்தியலால் ஓங்கி அடிக்காமல் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரியுங்கள், ஸ்பிரிங் எது எங்கே என்று பார்த்து மாட்ட உதவும். லைனிங்கில் எண்ணெய் ஊறியிருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டும். ஷூக்களை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். டிரம்மில் அதிகபட்ச உள்விட்டம் பொறித்திருப்பார்கள். அதைத் தாண்டித் தேய்ந்திருந்தால் டிரம்மும் புதிதுதான். சிலிண்டரையோ குழாயையோ கழற்றினால் காற்று எடுக்காமல் வண்டியை வெளியே விடக் கூடாது.

இப்போது வேண்டுகோள். டிரம்முக்குள் மறைந்திருப்பது தேய்மானம் மட்டுமல்ல, தூசியும்தான். சூடு தாங்குவதற்காக லைனிங்கில் நெடுங்காலம் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், சேர்த்தார்கள். ஆரம்பத்தில் கல்நார் நூலை நெய்தே லைனிங் செய்தார்கள். இங்கிலாந்தின் ராச்டேலில் அப்படிக் கல்நார் நூல் நூற்ற தொழிலாளி நெல்லி கெர்ஷா 1924ல் இறந்தார். வயது 33. அவருடைய நுரையீரலைச் சோதித்த மருத்துவர் வில்லியம் குக், கல்நார்த் துகள்களே காரணம் என்று எழுதினார். 1931ல் அங்கே தொழிற்சாலைத் தூசிக்கு விதிகள் வந்தன. பிரிட்டன் கல்நாரை முழுவதுமாகத் தடை செய்ததோ 1999ல். இடையில் எத்தனை வருடங்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் 1995ல் கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலம் காக்க உத்தரவுகள் போட்டது. அந்த உத்தரவுகள் தெருவோர ஒர்க்‌ஷாப்பில் குந்தி உட்கார்ந்து டிரம் கழற்றும் பையனைத் தேடி வராது. நாம்தான் சொல்ல வேண்டும்.

பழைய காரில் என்ன லைனிங் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் கல்நார் என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள். கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள். வாயால் ஊதாதீர்கள். உலர்ந்த பிரஷ், உப்புத்தாள் வேண்டாம். பிரேக் கிளீனரோ சோப்புத் தண்ணீரோ விட்டு நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைக் காயவிடாமல் பையில் கட்டிப் போடுங்கள். தூசி படிந்த உடையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். துணியில் கட்டும் கைக்குட்டை போதாது, துகள் வடிகட்டும் முகக்கவசம் வேண்டும்.

இந்த நோய் உடனே தெரியாது, இருபது முப்பது வருடம் கழித்து மூச்சுத் திணறும்போதுதான் தெரியும். ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்கள் நாளைக் காலை முதல் வேலையாகப் பையன்களிடம் இதைச் சொல்லுங்கள். கார் வைத்திருப்பவர்கள் உங்கள் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். கேட்டுவிட்டு என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.